'டக்'னு சத்தம் கேட்டுச்சுல்ல?

பனிமலை உச்சியில ஒரு பூட்ஸு நின்னுச்சு. சறுக்குப் பலகையில அது நிக்கணும்னா, பலகை மேல இருக்கிற கவ்வி அதைக் கடிச்சுப் பிடிக்கணும். அந்தக் கவ்வி எடை இருநூறு கிராம்தான். வாய் மட்டும் இருநூறு கிலோ.

"கவ்வியண்ணே, உங்க பல்லு ரெண்டும் என் ஓட்டையில முழுசா இறங்கல. உள்ள ஐஸ் கட்டியிருக்கு. சுரண்டிட்டுக் கிளம்பலாம்ணே. பாதி வழியில நீங்க விட்டுட்டா, எனக்குள்ள இருக்கிற மனுசன் காலு ரெண்டா போயிடும்"னுச்சு பூட்ஸு.

"'டக்'னு சத்தம் கேட்டுச்சுல்ல? அப்புறம் என்னடா? பந்தயத்துல ஓடுறவனே என்னைத்தான் மாட்டுறான். நீ எனக்குப் பல்லு விளக்கி விடப் போறியா?"

"இல்லண்ணே, காலை ஒருதரம் அப்படி இப்படித் திருப்பிப் பாத்துட்டா..."

"சந்தேகப்படுறியா? எனக்கு ரோசம் ஜாஸ்தி, சொல்லிட்டேன்."

பெரிய மனுசன் கோவிச்சுக்கப் போறாருன்னு பூட்ஸு கம்முன்னு ஆயிடுச்சு. கிளம்புனாங்க. மூணாவது வளைவுலயே கவ்வி வாயைப் பொளந்துருச்சு. பூட்ஸு குட்டிக்கரணம் அடிச்சுப் பனிக்குள்ள சொருகிக்கிச்சு. பனி மெத்துன்னு இருந்ததால காலு தப்பிச்சுது. பலகை மட்டும் கவ்வியைச் சுமந்துக்கிட்டுப் பள்ளத்தைப் பாத்து ஓடுச்சு.

புதைஞ்சு கிடந்த பூட்ஸுக்குக் கவ்வியோட குரல் நல்லாவே கேட்டுச்சு. அது பலகைகிட்ட மூக்கைச் சிந்திக்கிட்டே போவுது:

"பாத்தியாப்பா, இவனை நம்பி இம்புட்டு உயரம் ஏறி வந்தேன். நடுவழியில என்னைக் கைவிட்டுட்டானே!"