சொந்த அம்மா மாதிரி

“பொது அறைன்னா மாசம் இருபதாயிரம், தனி அறைன்னா நாற்பது. சாப்பாடு அதிலேயே அடக்கம். ஊட்டிவிடணும்னா மட்டும் தனி,” என்று முதியோர் இல்ல மேலாளர் காய்கறி விலை சொல்வதுபோல் அடுக்கினார்.

“அம்மா படுத்த படுக்கைங்க. புரட்டிப் படுக்க வைக்கணும்,” என்றாள் வந்திருந்த பெண்.

“அதுவும் தனி.”

“பேச்சுத்துணைக்கு?”

“மணிக்கு இவ்வளவுன்னு இருக்கு. கவலையே படாதீங்கம்மா, சொந்த அம்மா மாதிரி பார்த்துப்போம்!”

அவள் விண்ணப்பத்தை நிரப்பி நீட்டினாள். ‘பணம் கட்டும் பிள்ளை’ என்ற இடத்தில் இருந்த போன் எண்ணைப் பார்த்ததும் மேலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இது என் நம்பராச்சே!”

“ஆமா சார். உங்க அம்மா இருக்கிற இல்லத்துல நான் நர்ஸ். மூணு வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட வராததால என்னைத் தெரியாது. இல்லத்தை மூடறோம். மத்தவங்களை எல்லாம் பிள்ளைங்க வந்து கூட்டிட்டுப் போயாச்சு. நீங்கதான் போனே எடுக்கல. அம்மா வாசல்ல ஆம்புலன்ஸ்ல இருக்காங்க.”

மேலாளர் ஜன்னல் வழியே வாசலை எட்டிப் பார்த்தார்.

கதவுவரை போனவள் திரும்பினாள்.

“ஒண்ணே ஒண்ணு சார். சொந்த அம்மா மாதிரி வேண்டாம். ஊரான் வீட்டு அம்மா மாதிரி பார்த்துக்குங்க.”