ருசு

"இதே லாரிதான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்," என்றான் சங்கரபாண்டி.

புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றி வந்த லாரி, சங்கரன்கோவில் எல்லையில் செல்லப்பாவின் டீக்கடை முன்னால் நின்றது. முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து யாரோ பெரிய கல்லை உருட்டி வைத்துவிட்டார்கள். சுற்றிலும் முப்பது பேர். இரண்டு பேர் கையில் மண்ணெண்ணெய் டின்.

டிரைவர் கர்னைல் சிங் ஓடப் பார்க்கவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

சங்கரபாண்டியின் தம்பி துரைப்பாண்டி லாரி அடித்துச் செத்து மூன்று மாதம். பருத்தி வண்டிக்கு முன்னால் அரிக்கேன் விளக்கோடு நடந்துகொண்டிருந்தவனை விடியக்காலம் அடித்துப் போட்டுவிட்டு லாரி நிற்காமல் போய்விட்டது. ஓட்டினவன் தலைப்பாகைக்காரன் என்று சங்கரபாண்டி ஊரெல்லாம் சொல்லியிருந்தான்.

அவனைப் பழிவாங்காமல் காலில் செருப்புப் போடுவதில்லை என்று கோமதியம்மன் வாசலில் நேர்ந்துகொண்டவன். இந்த உச்சி வெயிலிலும் தார் ரோட்டில் வெறுங்காலோடுதான் நின்றான். லாரியோடு சேர்த்து இவனையும் கொளுத்தினால்தான் மனசு ஆறும் என்றிருந்தது.

"நான் இல்ல, அண்ணாச்சி." பத்து வருஷமாக எலுமிச்சை மண்டிக்கு வந்து போய்ப் பழகிய தமிழ்.

சங்கரபாண்டி கேபினில் ஏறினான். சீட்டுக்கு மேலே நீலத் துணி சுற்றிய சிறிய புத்தகம் இருந்தது. அதை நோக்கிக் கை நீண்டதும் டிரைவர் முதல்முறையாகப் பதறினான். கடைக் குடத்துத் தண்ணீரில் அவசரமாகக் கையைக் கழுவி, தானே ஏறி அதை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டு இறங்கினான்.

அந்தப் பதற்றம் சங்கரபாண்டிக்கு வெல்லமாக இனித்தது.

"அது என்னலே?"

"எங்க வேதத்துப் பாட்டு. சாமி குடுத்தது."

"சாமி குடுத்ததுன்னு என்ன ருசு?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தான். "சாமி குடுத்தத நான் பார்க்கல. தினம் காலையில படிக்கேன். படிச்ச வாய்க்குப் பொய் சொல்ல வரமாட்டேங்கு. எனக்கு அது போதும்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

"அப்பம் அது மேல சூடத்த ஏத்தி, அணைச்சு சத்தியம் பண்ணு," என்றான் சங்கரபாண்டி.

இந்தப் பக்கத்தில் பாதி வழக்கு அப்படித்தான் தீரும். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுப் பொய் சொன்னவன் வம்சம் விளங்காது.

"இது மேல நெருப்பு வைக்க மாட்டேன்."

"பார்த்தியளா, பயப்படுதான்."

டின்னின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

டிரைவர் புத்தகத்தை இறக்கவில்லை. "அண்ணாச்சி, ஒங்க அம்மன் பேர்ல நீங்க அணைங்க. அம்மனுக்கு நான் ருசு கேட்க மாட்டேன். நீங்க அணைச்சா, நான்தான் அடிச்சேன்னு ஒத்துக்கிடுதேன். அப்பறம் கொளுத்துங்க."

செல்லப்பா கடைக்குள் போய்ச் சாமி படத்தடியிலிருந்து ஒரு கட்டி சூடம் எடுத்து வந்தார். சக்கரத்தை மறித்த கல்லின்மேலேயே வைத்து ஏற்றினார்.

"அணைச்சிருலே சங்கரபாண்டி. நீதான் பார்த்திருக்கயே."

சங்கரபாண்டி கையை ஓங்கினான். காலையில் நெற்றியில் பூசிய கோமதியம்மன் புற்றுமண் வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. மூன்று மாதமாகக் காத்திருந்த நிமிஷம் இதுதான். ஓங்கின கை இறங்கினால் போதும்.

ஆனால் அது இறங்கவில்லை.

முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சூடம் முழுக்க எரிந்து தானாக அணைந்தது. செல்லப்பா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து கல்லை உருட்டிவிட்டார்.

தம்பி அடிபட்ட அன்றைக்கு விளக்கோடு முன்னால் நடக்க வேண்டிய முறை சங்கரபாண்டியுடையது. தம்பி இரண்டு தரம் எழுப்பியும் எழுந்திருக்காமல், அவன் வண்டியில் பருத்தி மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தான்.