பத்தாவது நம்பர்

"போன் லாக் நம்பர் என்னடி? சொல்லு!"

காசி அறைந்த அறையில் அவன் மனைவி அன்புச்செல்வி சுவரில் மோதி விழுந்தாள்.

"நம்ம கல்யாண நாள்" என்றாள்.

அழுத்தினான். திறக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றினான்.

செங்கம் சாலையில் அவர்கள் நடத்தும் விடுதியின் மாடி அறை அது. கீழே கிரிவலக் கூட்டம் போட்ட அரோகரா சத்தத்தில் அவள் அலறல் யாருக்கும் கேட்கவில்லை.

ஒன்பது நம்பர் சொல்லிவிட்டாள். ஒன்பதும் பொய். தப்பு நம்பர் விழ விழ, காத்திருக்கச் சொன்னது போன். காத்திருந்த நேரமெல்லாம் அடித்தான். கடைசியில் அவள் சுண்டுவிரலைப் பின்னால் வளைத்தான். எலும்பு முறிந்தது.

"சொல்லிடறேன்... நாலு, ஏழு, ஒம்பது, ரெண்டு."

அழுத்தினான். திரை இருண்டு, புதுப் போன் போல மறுபடி தொடங்கியது.

"என்னடி பண்ண?"

கல்யாணத்துக்கு முன் மொபைல் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவள் அவள். ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"உள்ள இருக்கறதைப் பூட்டின சாவி, தனியா ஒரு சிப்புல பத்திரமா இருக்கும். பத்து வாட்டி தப்பா போட்டா அதுவே சாவியை அழிச்சிடற மாதிரி செட் பண்ணி வெச்சேன். இனி எந்தக் கொம்பனாலயும் தொறக்க முடியாது."

"என் போன்லயாடி கை வெச்ச?"

"ஆமா. நம்ம ரூம்ல தங்கின பொண்ணுங்க குளிக்கறதைத் திருட்டுத்தனமா வீடியோ எடுத்து வெச்சிருந்தியே, அத்தனையும் பாத்தேன். நீ அழுத்தற பழைய நம்பரைப் பாத்து வெச்சிருந்தேன்; அதைப் போட்டு, உன் விரல் ரேகையைப் போன்லேர்ந்து நீக்கிட்டு நம்பரை மாத்தினேன். வீடியோவை அழிக்கறதுக்குள்ள நீ வந்துட்ட. மிச்ச வேலையை உன் கையாலயே முடிச்சுட்ட."