ரயிலுக்கு முன் ஒரு வாள்சண்டை

பதுளை ஸ்டேஷனுக்கு எதிரே, ஜௌபரின் கடைக்குப் புதிதாக வந்த வீடியோ கேம் பெட்டியின் முன்னால் அழகரும் அவரை வழியனுப்ப வந்த தம்பி வீரய்யாவும் தோளுரச நிற்கிறார்கள். இந்தியாவா இலங்கையா என்று பிரஜாவுரிமைப் படிவம் கேட்டபோது, தேயிலைத் தோட்டத்தின் ஒரே லயன் வீட்டில் பிறந்த இருவரும் ஆளுக்கொரு நாட்டை எழுதினார்கள். அன்று நின்ற பேச்சு ஏழு வருடமாகியும் தொடங்கவில்லை. இன்னும் சற்று நேரத்தில், தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேற அழகர் இங்கிருந்து ரயிலில் புறப்படுகிறார். திரையில் அருவி நீலமாக விழுகிறது. மின்னல் வெட்டும்போதெல்லாம் இருவர் முகத்திலும் ஊதா வெளிச்சம் படிகிறது. அத்தனை அழகுக்கும் நடுவே இரண்டு வாள்வீரர்கள் ஒரே வெட்டைத்தான் மாறிமாறி வெட்டுகிறார்கள். “வேற அடியே கெடையாதாங்க முதலாளி?” என்கிறார் அழகர். “பாக்கத்தான் வடிவு. வேகமா அமுக்குற ஆள் வெல்லுவார், அவ்வளவுதான்,” என்று ஜௌபர் சிரிக்கிறார். தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த விரல்கள் பட்டனை விடாமல் குத்துகின்றன. தகரப்பெட்டியோடு வாசலில் நிற்கும் அழகரின் மனைவி இராக்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “போற நேரத்துலயாவது தம்பிகிட்ட ரெண்டு வார்த்த பேசுங்களேன். வெளையாடவா வந்தோம்?” “இந்த ஆட்டம் முடியட்டும்,” என்கிறார் அழகர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். ரயில் கூவுகிறது. அழகர் கையை எடுத்துவிடுகிறார். அசையாமல் நிற்கும் அவருடைய வீரனை வீரய்யாவின் விரல்கள் பழக்கத்தில் இன்னும் இரண்டுமுறை வெட்டுகின்றன. “ஜெயிச்சிட்டடா,” என்கிறார் அழகர். வீரய்யா நிமிர்ந்து “அண்ணே” என்னும்போது, அவர் ரோட்டைக் கடந்து ஸ்டேஷன் கூட்டத்துக்குள் போய்விட்டிருக்கிறார்.