கையெழுத்துப் போடாத கேப்டன்

தேசிய கூடைப்பந்து லீகின் எழுபத்திரண்டு ஆட்டங்களுக்கும் கம்ப்யூட்டர் சீசனின் முதல் நாள் காலையிலேயே முடிவு சொல்லிவிட்டது. இரண்டு கேப்டன்களும் கையெழுத்திட்டால் போதும், ஆடவே வேண்டாம். மறுத்து, ஆடி, தோற்றால் அணியைக் கலைத்துவிடுவார்கள். அதனால் ஆறு வருடமாக யாரும் மறுக்கவில்லை.

கடைசி இடம் கோவைக்கு. சென்னையுடனான ஆட்டத்தின் தாளில் கையெழுத்திடாமல் கேப்டன் யாழ்மொழி பேனாவை மூடி வைத்தாள்.

"சாம்பியன் டீம் அம்மிணி! எண்பத்தெட்டுக்கு நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்குது. தோத்தா நம்ம டீமே இருக்காது!" கோச் டேவிட்ராஜ் பதறினார்.

"தினம் நாலு மணி நேரம் பிராக்டீஸ் பண்றமே, எதுக்குங் சார்? கையெழுத்துப் போடவா? நான் ஆடறனுங்."

ஞாயிறு மாலை. அரங்கம் நிரம்பி வழிந்தது. நடுவட்டத்தில் யாழ்மொழிக்கு எதிரே சென்னை கேப்டன் ரெஜினா. மூன்று முறை சாம்பியன்.

"யாழ், யார்கிட்டயும் சொல்லாத. பயமா இருக்குப்பா," என்றாள் ரெஜினா மெதுவாக.

"மூணு கப் வாங்குனவ நீ!"

"ஒரு மேட்ச் கூட ஆடினதில்லையே!"

"நானும்தான் ஆடல. எனக்கும் பயமாத்தான் இருக்குது." யாழ்மொழி சிரித்தாள். "ஆனா நல்லா இருக்குதில்ல?"

ரெஜினாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

விசில் ஒலித்தது. பந்து உயர, இருவரும் எம்பினார்கள். முதலில் தொட்டவை கோவையின் விரல்கள்.