ஏழாம் நம்பர்

"மிஸ், இந்த ஏழாம் நம்பர் எங்க போகுது?"

அஸ்ஃபர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்.

கவுண்டரில் இருந்த மேபல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எந்த டொக்டருக்கும் ஆறுக்குப் பிறகு எட்டுத்தான் தம்பி. அதுல கை வைக்காதீங்க."

கண்டியில் டொக்டர்மாருக்கு நம்பர் கொடுக்கும் அந்தச் செனலிங் சென்டரின் பழைய புரோகிராமைக் கிளவுட்டுக்கு மாற்றிக் கொடுக்க வந்தவன் அஸ்ஃபர். இனி நோயாளிகள் கோல் பண்ணிக் கேட்கத் தேவையில்லை, வீட்டில் இருந்தபடியே ஒன்லைனில் டொக்டருக்கு நம்பர் எடுக்கலாம். பழையதை எழுதியவர் மேபலின் கணவர் வலன்ரைன். அவர் காலமாகி நாலு வருஷம். அவருடைய புரோகிராம் மட்டும் பதினெட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

"நாங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஃப்ரேம்வேர்க்கையே மாத்துறோம். இது இன்னும் கல்யாணச் சட்டையோடயே நிக்குது" என்று சிரித்தான் அஸ்ஃபர்.

"உங்க சட்டை எத்தன தோய்ப்புக்குத் தாங்குதுன்னு பாப்போமே" என்றாள் மேபல்.

ஒன்பது மணிக்கு அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். ஒதுங்கி நின்ற ஒரு பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டாள். ஒரு துண்டுக் காகிதத்தில் 7 என்று எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் கவுண்டருக்குக் கீழே ஒரு பையைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பையில் தோட்டத்து மரக்கறி, இரண்டு கட்டு லீக்ஸ்.

அஸ்ஃபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மனேஜர் முஹ்ஸின் நானாவிடம் போனான்.

"புருஷன் ஓட்டை வெச்சிட்டுப் போயிருக்காரு நானா. பொஞ்சாதி அதுல யாவாரம் பண்றா."

"மேபலுட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். கை வைக்காதீங்கன்னு சொல்றா. எங்கட உம்மாவும் சின்ன வயசில என்னத் தூக்கிக்கிட்டு கலஹாவில இருந்து வந்து இப்படி வாசல்ல நின்டவதான் நானா. முறையா வாறவனுக்கு நம்பர் இல்ல, லீக்ஸ் கொண்டு வாறவளுக்கு ஈக்கிது."

"அப்ப அந்த ஓட்டைய அடைச்சிடுங்க" என்றார் முஹ்ஸின்.

பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு சென்டர் பூட்டியிருந்த அன்று அஸ்ஃபர் எல்லாவற்றையும் மாற்றி முடித்தான். எண்பதாயிரம் பேருடைய விபரம் கிளவுட்டுக்கு ஏறியது. ஐயாயிரத்துச் சொச்சம் மட்டும் ஏற மறுத்தது. பார்த்தால், அவற்றில் போன் நம்பர் இல்லை. புதிய முறையில் போன் நம்பர் இல்லாதவர் ஆளே இல்லை. பிழையானவை என்று பெயர் போட்டு ஒரு பக்கம் ஒதுக்கினான்.

மறுநாள் காலை, நெஞ்சு டொக்டரின் நம்பர்கள் நாலு நிமிஷத்தில் முடிந்தன. ஏழாம் நம்பரை அஸ்ஃபரே எடுத்தான். மழைக் குளிருக்கு அவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா நானா, ஏழும் தொறந்திட்டு!" என்றான், பக்கத்து மேசையில் இருந்த முஹ்ஸினிடம்.

மேபல் வாசல் பக்கம் பார்த்தாள்.

ஒன்பது மணிக்கு ஹேவாஹெட்ட பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். பிள்ளையின் மூச்சு விசில் ஊதுவது போல் கேட்டது.

"மிஸ், பாப்பாவுக்குத் திரும்பவும் இழுக்குது. எஸ்டேட் மருந்துக்குக் கேக்கல. தொர அர நாள் லீவுதான் குடுத்தாரு."

"இப்ப நம்பர் என் கையில இல்ல கஜேந்திரன். அவருட்டக் கேளுங்க."

"ஒன்லைன்லதான் போடணும் அண்ணே" என்றான் அஸ்ஃபர். "இன்னைக்கு முடிஞ்சிருச்சு. அடுத்த வாரத்துக்குப் போட்டுத் தாறேன். போன் நம்பரச் சொல்லுங்க."

"போன் இல்லீங்க சேர். பாப்பா முன்னமும் வந்திருக்கு. பேரு தினுஷா. பாருங்க, இருக்கும்."

தேடினான். அப்படி ஒருவர் இல்லை என்றது திரை.

"இல்லையே."

"எப்படி இல்லாமப் போகும்?" மேபலின் குரல் உயர்ந்தது. "என் கையால அடிச்ச பேரு! போன் பண்ணி நம்பர் எடுக்கிறவங்க விடியிறதுக்குள்ள எடுத்திடுறாங்க. போனே இல்லாம பஸ்ஸேறி வர்ற சனம் எங்க போகும்? அவங்க பஸ் வர்ற நேரத்துக்குக் கணக்காத்தான் அந்த மனுசன் ஏழ ஒதுக்கி வெச்சாரு."

"அப்ப அந்த லீக்ஸ்?"

"வேணாம்னு சொன்னாலும் வெச்சிட்டுப் போறாங்க. நான் ஆக்கிக் கொண்டாந்து, இங்க எல்லாரும்தானே சாப்பிடுறோம்? போன வெள்ளிக்கெழம ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டது நீங்கதான் தம்பி."

முஹ்ஸின் தன் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

அஸ்ஃபர், ஒதுக்கி வைத்த ஐயாயிரத்தையும் திறந்தான். அத்தனையும் ஏழாம் நம்பர். ஹேவாஹெட்ட, தெல்தோட்டை, கலஹா என்று ஊர்கள். தினுஷாவைத் தேடி முதல் பக்கத்திலிருந்து இறங்கிய அவன் விரல், பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"கெடச்சிச்சா தம்பி?"

அவன் காலையில் தனக்கென்று எடுத்த நம்பரை அழித்தான். ஒரு துண்டில் 7 என்று எழுதி கஜேந்திரனிடம் கொடுத்தான்.

"பாப்பாவ உள்ள கூட்டிட்டுப் போங்க அண்ணே."

"அப்ப உங்க இழுப்பு?" என்றாள் மேபல்.

"நான் இந்த நம்பர்ல ஏற்கனவே ஒருக்கா உள்ள போயிருக்கேன் மிஸ்."

திரையை அவள் பக்கம் திருப்பினான். பதினெட்டு வருஷத்துக்கு முந்திய ஒரு வரி அதில் இருந்தது.

'நம்பர் 7. அஸ்ஃபர், வயது 6, கலஹா. தாய் பாயிஸா. போன் இல்லை.'