கட்டு பிரிக்கும் நாள்

"எந்த எலும்பு ஒட்டுறதுக்கு ரொம்ப நாளாகும், டாக்டரம்மா?"

ஹரிணி கேட்டதும் டாக்டர் சுசித்ரா சிரித்துவிட்டார். "தொடை எலும்புதான். மாசக்கணக்குல படுத்தே கிடக்கணும். ஏன், எலும்பு டாக்டராகப் போறியா?"

இரண்டாம் வகுப்புப் பிள்ளை. தன் கையையே பார்த்தது. தோளுக்குக் கீழிருந்து விரல்வரை மாவுக்கட்டு. அதன்மேல் மலைக்கோயில் திருநீறு அப்பியிருந்தது. தாய் முனிலட்சுமி தினமும் பூசுவது.

"எலும்பு அழகா சேர்ந்திருக்கு. இன்னைக்கே கட்டைப் பிரிச்சிடலாம்" என்றார் டாக்டர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து.

நல்ல சேதிதான். ஆனாலும் முனிலட்சுமி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பிள்ளைக்கு எலும்பு முறிந்தால் தாய்மாமன் நாட்டுக்கோழியோடு வந்து, கட்டு பிரிக்கிறவரை கூடவே தங்குவது அவர்கள் வீட்டு வழக்கம். ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவியிலிருந்து வந்திருந்த அண்ணன் பெருமாள், ஊருக்குத் திரும்பத் துணிப்பையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் பழைய படங்களையும் எடுத்துப் பார்த்தார். சிரிப்பு மறைந்தது.

"முதல்ல கழுத்துக்குக் கீழ காறை எலும்பு. தை மாசம் மணிக்கட்டு. இப்போ முழங்கை. எப்படிம்மா இந்தப் பிள்ளை மட்டும் விழுந்துகிட்டே இருக்கு?"

"ஓடியாடுற வயசு மேடம்..."

"கம்பெனியில ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பாத்துட்டு வர்றீங்க. அசதியில கை ஓங்கிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல மேடம்! பெத்தவ செய்வாளா?"

"வெளிய இருக்காரே மீசைக்காரர், அவரா?"

"ஐயோ, அது எங்கண்ணன்! அது எறும்பைக் கூட மிதிக்காது."

"நீங்க மறைச்சா நான் குழந்தைகள் நல அதிகாரிங்களுக்குச் சொல்லியாகணும். பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. கொஞ்சம் திரைக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

முனிலட்சுமி போய் நின்றாள். பச்சைத் திரையை இறுகப் பிடித்துக்கொண்டாள். 'சந்திரசூடேஸ்வரா, எம்புள்ளைய எங்கிட்டருந்து பிரிச்சிடாதப்பா.'

கட்டு அறுக்கும் மெஷின் இரைந்து ஓய்ந்தது.

"வலிக்கலைல்ல? இப்போ சொல்லு கண்ணு. யாரு உன்னை அடிக்கிறாங்க?"

"என்னை யாரும் அடிக்கல."

"அப்புறம் எப்படி உடையுது?"

"நானாதான் குதிச்சேன். மாடிப்படியிலருந்து."

"விளையாட்டுக்கா?"

"இல்ல. மாமா வர்றதுக்கு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மாமா ஊட்ல இருந்தா அப்பா அம்மாவ அடிக்காது. கட்டு பிரிச்சிட்டா மாமா போயிடும்ல?"

திரைக்கு இந்தப் பக்கம் முனிலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிள்ளைக்குக் கேட்கக் கூடாதென்று சுவரைப் பார்த்து அழுது பழகிய அழுகை.

திரையை விலக்கிய டாக்டர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா இன்னும் எலும்பு சேரலைன்னு சொல்லி, லேசா ஒரு கட்டுப் போட்டு அனுப்பறேன்மா. உங்கண்ணன் கொஞ்ச நாள் இருப்பாரு."

"வேணாம் மேடம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "எனக்காக எம்புள்ள உடைஞ்சது போதும்."

ஓசூர் பேருந்து நிலையத்தில் ஊத்தங்கரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"பாத்து விளையாடு கண்ணு. ஓடாத, குதிக்காத." மருமகளின் மெலிந்துபோன கையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பெருமாள் ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டத் திரும்பினால், கீழே இருவரையும் காணோம்.

பெருமூச்சு விட்டு, நடத்துநரிடம் பணத்தை நீட்டினான்.

"ஊத்தங்கரை ஒன்னு."

"இல்லண்ணா" என்றது முதுகுப் பக்கமிருந்து தங்கையின் குரல். "ரெண்டு ஃபுல்லு, ஒரு ஆஃப்பு."